ஓவரைக் குறைக்கலாம், விக்கெட்டை மலிவாக்கலாமா?

கல்லூரி ஆண்டு மலரில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். அதிலும் நான் எழுத எடுத்துக்கொண்டது மட்டையும் பந்தும் கொண்டு திடலில் ஆடும் கிரிக்கெட்டை அன்று. மேசைமேல் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆடும் கிரிக்கெட்டை. பள்ளிப் பருவத்தில் இதை ஆடாதவர் நம்முள் எத்தனை பேர் இருப்பர்? ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நேரத்தில் கடைசி வரிசையில் எத்தனை உலகக் கோப்பைகள் வெல்லப்பட்டிருக்கும்! ஆகவே தயக்கமின்றித் தொடங்குகிறேன்.

தெரியாதவர்க்காக ஆட்டத்தின் விதியைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தைக் கண்ணை மூடி விரிக்க வேண்டும். இடப்பக்கம் எப்போதும் இரட்டைப்படை எண்ணாகவே இருக்கும். அதன் கடைசி இலக்கமே அந்தப் பந்தின் முடிவு. 2, 4, 6 வந்தால் அத்தனை ஓட்டங்கள். 0 வந்தால் ஆட்டமிழப்பு. 8 வந்தால் எங்கள் பக்கத்தில் ஓர் ஓட்டம். வேறு ஊர்களில் அதை ஓட்டமில்லாப் பந்து என்றும், நோ-பால் என்றும் கொள்வர். ஊருக்கொரு வழக்கு இருப்பதில் தவறில்லை.

இவ்வாட்டம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் ஆறு முகங்கள் கொண்ட இரண்டு சிறு உலோக உருளைகளை மேசைமேல் உருட்டி ஆடுவர். ஒன்றில் 1, 2, 3, 4, 6 என்ற ஓட்டங்களும், ஆறாவது முகத்தில் நடுவரை நோக்கி எழுப்பும் முறையீடும் பொறிக்கப்பட்டிருக்கும். முறையீடு விழுந்தால் இரண்டாம் உருளையை உருட்ட வேண்டும். ஆட்டமிழந்ததா, தப்பியதா என்பதை அது சொல்லும். உருளை வாங்க வழியில்லாத சிறுவர் ஆறுபட்டைப் பென்சிலில் எழுதி உருட்டிக்கொள்வர். இந்த இரண்டாம் உருளையை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறேன். பின்னால் அதனிடம் நாம் கடன் வாங்கப் போகிறோம்.

இனி வழக்குக்கு வருவோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் நண்பர்களும் கவரைப்பேட்டையிலிருந்து ஏறும் நாங்களும் மின்தொடர் வண்டியில் பொன்னேரிக்கு வந்து நம் கல்லூரியில் படிக்கிறோம். அவர்கள் ஓர் அணி. நாங்கள் ஓர் அணி. அவர்கள் முதலில் ஏறிவிடுகிறார்கள். நாங்கள் அடுத்த நிலையத்தில் சேர்ந்துகொள்கிறோம். மாலையில் நாங்கள் முதலில் இறங்கிவிடுகிறோம். இரு அணியும் ஒரே பெட்டியில் இருப்பது கவரைப்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் இடைப்பட்ட தொலைவில் மட்டுமே. இடையில் வேறு நிலையம் கிடையாது. பத்து நிமிடம்கூடப் பிடிக்காத பயணம். (தோழியர் மகளிர் பெட்டியில் தனியே ஓர் ஆட்டம் நடத்துகின்றனர். அவர்களுடைய கணக்கு வழக்கு நமக்கு எட்டுவதில்லை.)

நேரம் இவ்வளவே என்பதால், ஆட்டத்தை அணிக்கு இரண்டு ஓவர் என்று குறைத்துவிடலாம் என்று சில நண்பர்கள் இவ்வாண்டு முடிவு செய்தனர். தினம் ஓர் ஆட்டம், தினம் ஒரு வெற்றி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. இருபது ஓவர் ஆட்டம் உலகையே ஆளும் காலத்தில் இரண்டு ஓவர் ஆட்டத்தைக் குறை சொல்லுவானேன் என்றும் கேட்டனர். நான் அதை எதிர்த்தேன்; இன்றும் எதிர்க்கிறேன். காரணத்தைக் கணக்கோடு சொல்லுகிறேன். கணிதம் படிப்பவன் வேறு எதைக் கொண்டு சொல்லுவான்?

நம் புத்தகத்தில் ஐந்து முடிவுகளில் ஒன்று ஆட்டமிழப்பு. எனவே சராசரியாக ஐந்து பந்துக்கு ஒரு விக்கெட் விழும். பத்து விக்கெட்டுக்கு 50 பந்து. அதாவது எட்டு ஓவரும் இரண்டு பந்தும். ஐந்து முடிவுகளுக்குச் சேர்த்து 2, 4, 6, 1 என 13 ஓட்டங்கள். ஆகவே விக்கெட்டுக்கு 13 ஓட்டம், முழு ஆட்டத்துக்கு 130. புத்தகக் கிரிக்கெட்டின் இயல்பான உடம்பு இதுதான். இதை இரண்டு ஓவரோடு நிறுத்தினால் என்ன ஆகிறது? 12 பந்தில் இரண்டு அல்லது மூன்று விக்கெட் விழும். கையில் பத்து விக்கெட் இருக்க, இரண்டு போனால் யாருக்கு என்ன கவலை? விக்கெட் செல்லாக் காசாகிவிடுகிறது. 0 வந்தால் ‘ஐயோ’ என்று பதறிய காலம் போய், ‘சரி, அடுத்தவன் விரி’ என்று சொல்லும் காலம் வந்துவிடுகிறது.

இதில் இன்னொரு கேடும் உண்டு. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவரும் தம் முறை வரும்போது தாமே புத்தகத்தை விரிக்க வேண்டும். எட்டாவதாக இறங்குபவர் ஆட வேண்டுமானால் ஆறு விக்கெட் விழ வேண்டும். இரண்டு ஓவருக்குள் அது நடப்பது நூறு ஆட்டத்தில் ஏறக்குறைய ஓர் ஆட்டத்தில்தான். எங்கள் அணியில் ஒரு நண்பர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உள்ள ஓர் ஆலையில் இரவு வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அதே ஈரத் தலையோடு வண்டி ஏறுகிறவர். எப்போதும் கடைசியில் ஓடி வந்து ஏறுவதால் பெயர்ப் பட்டியலில் எட்டாம் இடமே அவருக்குக் கிடைக்கும். இரண்டு ஓவர் திட்டம் வந்த பிறகு அவர் கையில் புத்தகம் வரவே இல்லை. சன்னல் ஓரம் சாய்ந்து தூங்கிவிடுகிறார். அவருக்கும் வேண்டும் என்றுதான் ஆட்டத்தைச் சுருக்கினார்களாம்!

சரி, நீட்டிவிடுவோம் என்று மறுபக்கம் போனவர்களும் உண்டு. விடுமுறை நாளில் ‘ஐம்பது ஓவர் ஆட்டம்’ என்று அறிவித்துவிட்டு உட்கார்ந்தார்கள். எட்டு ஒன்பது ஓவரில் இரு அணியும் சுருண்டு எழுந்தன. சுருளாமல் என்ன செய்யும்? 300 பந்துக்குப் போதுமான விக்கெட் அவர்களிடம் எங்கே இருக்கிறது? ஐம்பது என்று எழுதியது காகிதத்தில். ஐந்து பந்துக்கு ஒரு விக்கெட் என்பது புத்தகத்தில். இங்கே ஓவர் செல்லாக் காசாகிறது.

எனவே ஆட்டத்தின் நீளத்தை ஓவர் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஓவரும் விக்கெட்டும் ஒரே வண்டியில் பூட்டிய இரு மாடுகள். ஒன்றை மட்டும் அதட்டினால் வண்டி குடை சாயும். உண்மைக் கிரிக்கெட் இதைக் கற்றுக்கொள்ள எத்தனை ஆண்டு பிடித்தது என்று பாருங்கள். 1992 உலகக் கோப்பை அரையிறுதியில், சிட்னியில், இங்கிலாந்துக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவுக்கு 13 பந்தில் 22 ஓட்டம் தேவைப்பட்டது. மழை பெய்து நின்றபின், ஒரே பந்தில் 21 ஓட்டம் என்று கணக்கு மாறிற்று. அந்நாளைய விதி ஓவர்களை மட்டும் எண்ணிக் கழித்தது. கையில் எத்தனை விக்கெட் இருந்தது என்று அது கேட்கவே இல்லை. பிறகு டக்வொர்த், லூயிஸ் என்ற இரு இங்கிலாந்து நாட்டுப் புள்ளியியலார், மீதமுள்ள ஓவரையும் மீதமுள்ள விக்கெட்டையும் சேர்த்தே ஓர் அணியின் கைமுதலாகக் கொள்ள வேண்டும் என்று அட்டவணை போட்டுத் தந்தனர். 1997 சனவரி முதல் நாளன்று, ஜிம்பாப்வேயும் இங்கிலாந்தும் ஹராரேயில் ஆடிய ஆட்டத்தில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் திருச்சூரைச் சேர்ந்த பொறியாளர் ஜெயதேவன் வகுத்த இன்னொரு முறையும் உண்டு. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் மழை வந்தால் அவருடைய கணக்கைத்தான் எடுக்கிறார்கள். அவர் மலையாளி என்றாலும் மழை நம்முடையது!

இன்னும் எளிய சான்று சூப்பர் ஓவர். ஆறே பந்துதான். ஆனால் இரண்டு விக்கெட் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. ஏன்? பத்து விக்கெட் கொடுத்தால் ஆறு பந்தில் எவனும் அஞ்ச மாட்டான் என்பதால்தான். ஹாங்காங்கில் 1992இல் தொடங்கிய அறுவர் போட்டியிலும் ஓவரைக் குறைத்தபோது ஆளையும் குறைத்தே குறைத்தார்கள்.

ஆகையால் குறுக்குவதற்கு என் யோசனை சிக்கலற்றது. ஐந்து பந்துக்கு ஒரு விக்கெட் என்பதே நம் புத்தகத்தின் அளவு. இரண்டு ஓவர் ஆடினால் இரண்டு விக்கெட்டோடு நிறுத்துங்கள். நான்கு ஓவர் என்றால் ஐந்து. அன்று யார் யார் இறங்குவது என்பதை முறை வைத்து மாற்றுங்கள். இன்று முதல் மூவர் ஆடினால் நாளை அடுத்த மூவர் ஆடட்டும். எட்டாமவர் மூன்றாம் நாள் இரண்டாம் ஆளாக இறங்கிவிடுவார். 0 வந்தால் பழையபடி வயிறும் கலங்கும்.

நீட்டுவதுதான் சுவையான பகுதி. இங்கேதான் அந்த இரண்டாம் உருளை வேண்டும். 0 வந்தவுடன் ஆட்டமிழப்பு என்று கொள்ளாமல் அதை முறையீடாகக் கொள்ளுங்கள். மறுபடி விரித்து 0 அல்லது 2 வந்தால் மட்டுமே ஆட்டமிழப்பு. அப்போது விக்கெட் விழும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றிலிருந்து இருபத்தைந்தில் இரண்டாகக் குறையும். பன்னிரண்டரை பந்துக்கு ஒரு விக்கெட். பத்து விக்கெட்டுக்கு 125 பந்து, ஏறத்தாழ 21 ஓவர். இருபது ஓவர் ஆட்டம் கைக்கு வந்துவிட்டது என்று துள்ளாதீர்கள். ஓட்டத்தை அப்படியே விட்டால் மொத்தம் 325 ஆகிவிடும். மும்முரமாக அடித்து நொறுக்கும் ஐ.பி.எல்.லிலேயே 2024 ஏப்ரலில் பெங்களூரில் ஐதராபாத் அணி 287 எடுத்தபோது ஊரே வாயைப் பிளந்தது. ஆகவே விக்கெட்டின் விலையை உயர்த்தும்போது ஓட்டத்தின் விலையையும் உயர்த்தியாக வேண்டும். 2 வந்தால் 1, 4 வந்தால் 2, 6 வந்தால் 4, 8 வந்தால் ஓட்டமில்லை என்று வையுங்கள். 125 பந்தில் 175 ஓட்டம் வரும். தொலைக்காட்சியில் நாம் காணும் ஆட்டம் போலவே இருக்கும்.

ஒருநாள் ஆட்டம் வேண்டுமா? முறையீட்டில் 0 வந்தால் மட்டும் ஆட்டமிழப்பு. இருபத்தைந்து பந்துக்கு ஒரு விக்கெட். 2க்கு ஓர் ஓட்டம், 6க்கு நான்கு, மற்றவை வெறும் பந்து என்றால் 250 பந்தில் 250 ஓட்டம். டெஸ்ட் ஆட்டம் ஆடத் துணிந்தவர்கள் மூன்று படி வைத்துக்கொள்ளலாம். 0, மீண்டும் 0, மூன்றாவதாக 0 அல்லது 2 வந்தால்தான் ஆட்டமிழப்பு. 2க்கு ஓர் ஓட்டம், 6க்கு இரண்டு ஓட்டம். அறுபத்திரண்டரை பந்துக்கு ஒரு விக்கெட் விழும். 104 ஓவரில் 375 ஓட்டம். சேப்பாக்கத்துக் காலை வெயிலில் ஆடுவது போலவே இருக்கும்.

‘நான்கு ஓட்டமே இல்லாத டெஸ்டா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி, அதற்காகவே மற்றொரு விதியையும் சேர்த்தோம். தெருக் கிரிக்கெட்டில் தற்காத்து ஆடுபவனைக் ‘கட்டை போடுகிறான்’ என்போம் அல்லவா? ஓவர் தொடங்குமுன் மட்டையாளர் ‘கட்டை’ அல்லது ‘அடி’ என்று அறிவித்துவிட வேண்டும். ‘கட்டை’ என்றால் டெஸ்ட் கணக்கு. ‘அடி’ என்றால் இருபது ஓவர்க் கணக்கு. நான்கும் கிடைக்கும், விக்கெட்டும் போகும். ஓவரின் நடுவே மாற்றக் கூடாது. இது வந்தபிறகே நம் ஆட்டத்துக்கு மூளை வந்தது எனலாம். அதுவரை புத்தகம் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்; இப்போது நாமும் ஏதோ சொல்லுகிறோம். பத்து ஓவரே மீதமிருக்க ஏழு விக்கெட் கையில் வைத்துக்கொண்டு ‘கட்டை’ என்பவரையும், மூன்று விக்கெட் போனபின் ‘அடி’ என்பவரையும் பார்த்தால் அவரவர் குணமே தெரிந்துவிடுகிறது.

இதற்கு முன்னோடிகள் பெரிய இடத்திலேயே உண்டு. 1975 உலகக் கோப்பையின் தொடக்க நாளில், லார்ட்ஸில், இங்கிலாந்து 60 ஓவரில் 334 எடுத்தபின் சுனில் கவாஸ்கர் 174 பந்துகள் ஆடி ஆட்டமிழக்காமல் 36 எடுத்தார். அறுபது ஓவர் ஆட்டத்தில் முதலிலிருந்து கடைசிவரை ‘கட்டை’ என்று அறிவித்தவர் அவர். அதே திடலில், 1983 இறுதி ஆட்டத்தில், நம் சென்னை ஸ்ரீகாந்த் எடுத்த 38 ஓட்டமே இரு அணியிலும் சேர்த்து அதிகம். அவர் எதை அறிவித்திருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘அதெல்லாம் சரி, பத்து நிமிட வண்டியில் டெஸ்ட் ஆட்டமா?’ என்பதே எல்லாரும் கடைசியாகக் கேட்பது. அமர்வு சிறியதாக இருப்பதால் ஆட்டமும் சிறியதாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? உண்மை டெஸ்டும் ஒரே மூச்சில் நடப்பதில்லை. உணவு இடைவேளை, தேநீர் இடைவேளை, இரவு என்று துண்டு துண்டாகவே ஐந்து நாள் நடக்கிறது. நாம் நிமிடத்துக்குப் பத்துப் பந்து விரிக்கிறோம். ஆறு நிமிடத்தில் 60 பந்து. ஒரு பயணத்துக்குப் பத்து ஓவர். நான்கு ஆட்டப் பகுதிகளுக்குச் சுமார் 2,500 பந்து, அதாவது 416 ஓவர். போகவும் வரவும் ஆடினால் இருபத்தொரு கல்லூரி நாள்களில் ஒரு டெஸ்ட் முடிந்துவிடும். தொடர்கதை வாசிப்பதைப் போல ஒரு மாதம் நீளும். இதில் பெரிய வசதி, இரவு வேலை முடிந்து வர முடியாமற் போன நண்பர் தம் முறையை இழப்பதில்லை. வண்டியைத் தவறவிட்டவர் பட்டியலில் கீழே இறங்குவார், அவ்வளவுதான். நாளை வந்து ஆடலாம். எட்டாமவரும் இப்போது ஆட்டத்துக்கு இரண்டு முறை புத்தகத்தைத் தொடுகிறார். சென்ற மாதம் அவர் ‘கட்டை’ போட்டே மூன்று நாள் நின்றார். நின்றார் என்றா சொன்னேன்? உட்கார இடம் கிடைக்காததால் உண்மையாகவே நின்றார்.

செல்பேசியில் இதைவிட நல்ல கிரிக்கெட் இருக்கிறதே என்பாருக்கு என் விடை ஒரே வரிதான். அதில் பதினொருவர் சேர்ந்து ஆட முடியாது. ஆடினாலும் அவரவர் தலை அவரவர் கையிலேயே கவிழ்ந்திருக்கும்.

புத்தகத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பலமுறை விரித்த புத்தகம் தன் முதுகு ஒடிந்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் விரியும். 6 வரும் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தி வைத்துப் பழக்குகிற வித்தகர்களும் நம்மிடையே உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். ஆகவே எதிரணியின் புத்தகத்தையே விரிக்க வேண்டும் என்றும், ஓவருக்கு ஒருமுறை புத்தகத்தை மாற்ற வேண்டும் என்றும் விதி செய்தோம். நூலகப் புத்தகம் கூடவே கூடாது. வீட்டில் ஆடுவோர் பாட்டியிடம் தாயக்கட்டை இரண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு முகம் கொண்ட கட்டைகள் இரண்டை உருட்டினால் பதினாறு வகையில் விழும். கூட்டுத்தொகை 5 வருவது அவற்றுள் இரண்டு. கிரிக்கெட்டில் ஐந்து ஓட்டம் அரிதாகையால் அதையே ஆட்டமிழப்பாக வைத்து, அடிக்கடி விழும் 3ஐ ஓட்டமில்லாப் பந்தாக வைத்தால், எண்பது பந்தில் 130 ஓட்டம் வருகிறது. புத்தகத்திலும் 130, பாட்டியின் கட்டையிலும் 130! நான் திட்டமிட்டு அமைத்ததன்று. கணக்குப் போட்டபோது தானே வந்து நின்றது. வண்டியில் மட்டும் கட்டை வேண்டாம். இருக்கைக்கு அடியில் உருண்டு போனால் பொன்னேரி வந்துவிடும்.

நீட்டுவதற்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதை மறுக்கவில்லை. 1939 மார்ச்சில் டர்பனில், கால வரம்பே இல்லாமல் ஒரு டெஸ்ட் தொடங்கினார்கள். மூன்றாம் தேதி தொடங்கிய ஆட்டம் பதினான்காம் தேதியும் முடியவில்லை. 696 எடுக்க வேண்டிய இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 654 எடுத்திருந்தபோது மழை வந்தது. ஊர் திரும்பும் கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனார்கள். நமக்கு அந்தக் கப்பல் பருவத் தேர்வு. தேர்வுக்கு முந்திய வாரத்து வெள்ளிக்கிழமை மாலை வண்டி கவரைப்பேட்டையில் நின்றால் அந்த ஆட்டம் அந்த நிலையிலேயே சமநிலை என்று எழுதிவிட வேண்டும்.

எழுதுவதற்கு ஏடு இரண்டு வேண்டும், அணிக்கு ஒன்று. ஒரே ஏடு இருந்தால், அதை வைத்திருப்பவர் வராத நாளில் ஆட்டமும் வராது. ஒவ்வோர் ஓவர் முடிவிலும் இரண்டையும் ஒப்பிட்டு இரு தலைவரும் கையெழுத்திட வேண்டும். கணக்கு முரண்பட்டால் குறைந்த ஓட்டமே செல்லும். ஓவரின் நடுவே பொன்னேரி வந்துவிட்டால், மீதிப் பந்தை நடைமேடையில் நின்று விரித்து முடித்துவிட்டே வெளியே வர வேண்டும். சைகை கிடைக்காமல் வண்டி நடுவழியில் நின்றால் அந்த ஓவர்கள் கொசுறு, கணக்கில் சேரும்.